ஷிப்டு, ஸ்கூல் வேன், ரெண்டு வாய்ச் சோறு: பெற்றோர் கேள்வி – பதில்

இந்த முறை மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பாடாங் செராய் வட்டாரத்துக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். தோட்டத்து லயத்திலிருந்து தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு மாறியவர்கள், அம்மா பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலம் போய் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டைக்குப் பஸ் ஏறுகிறவர்கள், இன்னும் செம்பனைத் தோட்டத்திலேயே வேலை பார்க்கிறவர்கள் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அப்போது பிள்ளையை விட்டுப்போக ஆயாக் கொட்டகை இருந்தது. இப்போது பாட்டியும் கைப்பேசியும். கேள்விகள் பலவும் அந்த இடத்தில்தான் சிக்கி நிற்கின்றன.

கேள்வி: எனக்குத் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்டு. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு; ஏழுக்கு ஏழு. கணவர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூர். மூன்றாம் ஆண்டு படிக்கும் மகனைக் காலையில் எழுப்புவதே பெரும்பாடு. 6:20க்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது ஒரு காலில்தான் சாக்ஸ் இருக்கும். நான் இரவு ஷிப்டு போகும் வாரத்தில் வீட்டுப் பாடமும் பாதியில் நிற்கிறது. அத்தைக்கு (மாமியாருக்கு) தமிழ் கொஞ்சம் வாசிக்க வரும், மலாய் வராது. அடித்தும் பார்த்தாயிற்று.
– ஒரு தாய், பாடாங் செராய்

பதில்: அடியை நிறுத்திவிட்டு முதல் நாள் இரவைக் கணக்குப் பாருங்கள், அம்மா. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் மகன் 5:40க்கு எழுந்தால்தான் அவசரமில்லாமல் கிளம்ப முடியும். குறைந்தபட்சம் 9 மணி நேரம் என்று வைத்தாலும் 8:40க்குள் அவன் தூங்கியிருக்க வேண்டும். படுப்பது 8:15க்கு. கூடத்தில் நாடகம் 9:30 வரை ஓடுகிற வீட்டில் இது நடக்காது. அதுவும் நம் நாட்டில் விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான். 5:40 என்பது நல்ல இருட்டு. உடம்பின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது. அந்த நேரத்தில் எழ மறுப்பதைச் சோம்பல் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்போது பத்து மணிக்குப் படுக்கிறான் என்றால் நாளைக்கே எட்டேகாலுக்குப் படுக்க வைக்காதீர்கள். பலர் தவறுவது இங்கேதான். தூக்கம் வராமல் ஒன்றரை மணி நேரம் புரளுவான், நீங்கள் அதட்டுவீர்கள், படுக்கை சண்டை போடும் இடமாகிவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். பத்திலிருந்து எட்டேகாலுக்கு வர ஏழு படி. மூன்று வாரம் ஆகும். கெடாவில் வெள்ளியும் சனியும் பள்ளி இல்லை என்பதால் வியாழன் இரவு ஆட்டம் நீளும். நீளட்டும், ஆனால் படுப்பதும் எழுவதும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. தள்ளிப்போனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள்.

இன்னொரு திருடன் பகல் தூக்கம். பள்ளி விட்டு வந்து மூன்று மணிக்குச் சாய்ந்து ஐந்தரைக்கு எழுகிற பிள்ளைக்கு இரவு எட்டேகாலுக்கு எப்படித் தூக்கம் வரும்? மிகவும் களைத்திருந்தால் மூன்று மணிக்கு முன் அரை மணி நேரம், அலாரம் வைத்து. காலையில் எழுப்பும்போது முதல் வேலையாக அறையின் வெள்ளை விளக்கைப் போடுங்கள். இருட்டில் நின்றுகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்து முறை கூப்பிட வேண்டியிருக்கும்.

சாக்ஸ் விவகாரத்தை முதல் நாள் மாலை ஏழரை மணிக்கே முடித்துவிடலாம். அட்டவணையைப் பார்த்துப் புத்தகத்தை அவனே அடுக்கட்டும். சரி பார்ப்பது மட்டும் பெரியவர் வேலை. சட்டை, காற்சட்டை, உள்ளாடை, சாக்ஸ் எல்லாம் ஒரே ஹேங்கரில். மழையில் காலணி நனைந்து வந்தால் உள்ளே பழைய நாளிதழைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து ஈரத் தாளை மாற்றி, மின்விசிறிக்கு நேராகச் சாய்த்து வையுங்கள். காலைக்குள் காய்ந்துவிடும்.

இனி வீட்டுப் பாடம். உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் எங்களை யோசிக்க வைத்தது. இரவு ஷிப்டு வாரம்தான் கஷ்டம் என்கிறீர்கள். நேரத்தை எழுதிப் பார்த்தால் கதை வேறு. பகல் ஷிப்டு வாரத்தில் நீங்கள் 5:45க்குக் கிளம்பி இரவு எட்டுக்கு மேல் வருகிறீர்கள். பிள்ளை படுக்கும் நேரம். இரவு ஷிப்டு வாரத்திலோ காலை ஒன்பதுக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்தால், மாலை ஐந்தரை வரை இரண்டு மணி நேரம் நீங்களும் அவனும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தைச் சமையலும் துணி துவைப்பதும் தின்றுவிடுகின்றன போலிருக்கிறது. அந்த வாரம் மட்டும் சமையலை அத்தையிடம் விட்டுவிட்டு, நாலு மணிக்குப் பாடத்தில் உட்காருங்கள். 20 நிமிடம், ஐந்து நிமிட இடைவெளி, இன்னொரு 20 நிமிடம். ஒன்பது வயதுக்கு அதற்கு மேல் ஒரே மூச்சில் கவனம் நிற்காது.

பகல் ஷிப்டு வாரத்தில் அத்தை பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே நாலு மணிக்கு, அதே மேசையில், பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தால் போதும். "வாசிச்சுக் காட்டுய்யா, பாட்டி கேக்குறேன்" என்று சொல்லட்டும். மலாய்ப் பாடத்தை வாசித்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று பாட்டிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். புரியாமல் வாசித்தானா என்பது அங்கேயே தெரிந்துவிடும். தெரியாத கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு முக்கோணம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். இரவு வந்ததும் முக்கோணத்தை மட்டும் பாருங்கள். பத்து நிமிட வேலை. நேரமில்லையா, முக்கோணத்தோடேயே பள்ளிக்குப் போகட்டும். எங்கே தடுக்குகிறது என்று ஆசிரியருக்குத் தெரிவது, நீங்கள் போட்டுக் கொடுத்த சரியான விடையைவிட மேல்.

கடைசியாக, பனிப்பெட்டிக் கதவில் ஒரு மாத நாட்காட்டி. பகல் ஷிப்டுக்குச் சூரியன், இரவு ஷிப்டுக்கு நிலா, விடுமுறைக்கு வீடு. மாதத் தொடக்கத்தில் அவனையே வரையச் சொல்லுங்கள். "அம்மா இன்னைக்கு இருப்பாங்களா?" என்ற கேள்வியைப் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்பதைவிட மனத்தில் வைத்துக்கொண்டு அடம் பிடிப்பதுதான் அதிகம்.

கேள்வி: நாலு வயதுப் பேரன் முழுக்கக் கார்ட்டூன் ஆங்கிலம் பேசுகிறான். பாட்டியான எனக்குப் பாதி புரிவதில்லை. வீட்டில் ஆங்கிலமே பேசிப் பழக்கினால் பிறகு நல்லது என்கிறாள் மருமகள். தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் மலாயில் பின்தங்குவான் என்று மகன் பயப்படுகிறான். மூன்று மொழியையும் போட்டுக் குழப்புகிறோமா?
– ஒரு பாட்டி, லூனாஸ்

பதில்: குழப்பவில்லை, பாட்டி. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி கலப்பது குறைபாடு அல்ல. பல மொழி புழங்கும் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் செய்வது, பெரியவர்களான நாமும் செய்வது. பேச்சு சரியாக வளர்கிறதா என்று பார்க்க எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும். தண்ணியும் தெரியும், வாட்டரும் தெரியும் என்றால் இரண்டு சொல். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொல், இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வது. மூன்று வயதில் வெளி ஆளுக்கும் பெரும்பாலும் புரிகிற பேச்சு. இது எந்த மொழியிலும் வரவில்லை என்றாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலோ, மொழியைக் குறைப்பது மருந்தாகாது. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) சொல்லி முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பேரனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவன் ஆங்கிலம் ஆளிடமிருந்து வராமல் திரையிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். திரை திருப்பிக் கேள்வி கேட்காது. கேள்வி கேட்கிற வேலையை நீங்கள் தமிழில் எடுத்துக்கொள்ளுங்கள். "தமிழ்ல சொல்லு, அப்பத்தான் தருவேன்" என்று மட்டும் வேண்டாம், தமிழ் தண்டனையாகிவிடும். அவன் சொன்னதையே தமிழில் வாங்கி, ஒரு பிடி சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

"வாண்ட் வாட்டர்."
"தண்ணி வேணுமா? பச்சைக் கப்புலயா, எவர்சில்வர் டம்ளர்லயா?"
"டம்ளர்."
"டம்ளர்ல ஊத்தட்டா? கொஞ்சமா, நிறையவா?"

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற கேள்வியாக இருப்பதுதான் இதில் சூட்சுமம். "என்ன வேணும்?" என்றால் ஆங்கிலத்தில் பதில் வரும். "கொஞ்சமா, நிறையவா?" என்றால் உங்கள் வாயிலிருந்து வந்த சொல்லையே எடுத்துக்கொள்வான். குளிப்பாட்டும்போதும் துணி மடிக்கும்போதும் ஒரு நாளில் இப்படிப் பத்துப் பேச்சு நடந்தால், இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் காதில் விழும். மருமகள் ஆங்கிலம் பேசட்டும், தடுக்காதீர்கள். அவரவருக்குச் சரளமாக வருகிற மொழியில் பேசுவதே பிள்ளைக்கு நல்லது. தட்டுத்தடுமாறிப் பேசும் ஆங்கிலத்தில் கதையும் கோபமும் கொஞ்சலும் சுருங்கிவிடும்.

எழுத்துக்கு இன்னும் அவசரமில்லை. தொடங்கினால் அ, ஆ வரிசையில் தொடங்க வேண்டாம். அ எழுதுவது நாலு வயது விரலுக்குப் பெரிய வளைவு. ட, ப, ம மூன்றும் நேர்க்கோடும் சிறு வளைவும்தான். அவற்றோடு ஒரு புள்ளி வைக்கக் கற்றுக்கொடுத்தால் படம், மடம், பட்டம் என்று முதல் வாரமே சொல்லாக வாசிப்பான். 247 என்ற எண்ணிக்கை பெற்றோரைத்தான் பயமுறுத்துகிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216 சேர்க்கை.

மகனுடைய பயம் பாதி நியாயமானது. தமிழ்ப்பள்ளியில் படிப்பதால் மலாய் வராமல் போவதில்லை. பள்ளிக்கு வெளியே மலாயே காதில் விழாத பிள்ளைக்குத்தான் தடுமாற்றம். ஆறாம் ஆண்டில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தானது. ஆனாலும் ஆறாம் ஆண்டு முடிவில் மலாயில் மிகவும் பின்தங்கிய பிள்ளைகள் படிவம் ஒன்றுக்கு (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டுக்கு) முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டி வரலாம். ஆகவே முதலாம் ஆண்டிலிருந்தே தினம் 15 நிமிடம் மலாய் வாசிப்பு. உரக்க வாசிக்க வேண்டும். பெரும்பாலும் எழுதுவது போலவே உச்சரிக்கிற மொழி என்பதால் பிடிபடுவது சுலபம். எ ஒலி மட்டும் இரண்டு விதம். ஒரே எழுத்துக்கூட்டில் உள்ள "பெராங்" ஒருவிதமாகச் சொன்னால் போர், இன்னொரு விதமாகச் சொன்னால் செம்பட்டை நிறம். அந்த மாதிரிச் சொற்களைப் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளையோடு விளையாடும்போது அவன் கற்றுக்கொள்வான். கேலிக்கு ஆளாகிக் கற்பதுகூட மறக்காது.

கேள்வி: இரண்டேகால் வயது மகள் போன் இல்லாமல் ஒரு வாய் வாங்க மாட்டாள். பிடுங்கினால் தட்டைத் தள்ளிவிடுகிறாள். பால் மட்டும் ஐந்து போத்தல் குடிக்கிறாள், அதனால்தான் உயிரோடு இருக்கிறாள் என்று நினைக்கிறேன்.
– ஒரு தாய், பாடாங் செராய்

பதில்: அந்த ஐந்து போத்தலால்தான் சாப்பிடாமல் இருக்கிறாள். 200 மில்லி வீதம் ஐந்து என்றால் ஒரு லிட்டர். அதில் ஏறக்குறைய 650 கலோரி. அவள் வயதுக்கு ஒரு நாள் தேவையே சுமார் 1000. வயிற்றில் சோற்றுக்கு இடம் ஏது? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் இப்படி வளரும் பிள்ளைகளுக்குச் சோகை பிடிப்பதும் வழக்கம். ஆக, போனுக்கு முன் பாலில் கை வையுங்கள். காலையில் ஒன்று, இரவு படுக்கும் முன் ஒன்று. மொத்தம் 400 முதல் 500 மில்லி, கப்பில். இனிப்பு ஊட்டிய டின் பால் பாலே அல்ல. பாதிக்குக் கிட்டத்தட்டச் சர்க்கரை. சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். உணவிலுள்ள இரும்பை உடம்பு ஏற்க விடாது.

பால் குறைந்து நாலைந்து நாள் கழித்துப் போனுக்கு வாருங்கள். மூன்று வேளையும் ஒரே நாளில் வேண்டாம். நன்றாகப் பசிக்கும் ஒரு வேளையை மட்டும் எடுங்கள், பெரும்பாலும் மத்தியானம். போன் கண்ணில் படாமல் அலமாரிக்குள், உங்கள் போனும்தான். தட்டில் இரண்டு மேசைக் கரண்டிச் சோறு, அதற்கு மேல் வைக்காதீர்கள். குவித்து வைத்த தட்டைப் பார்த்தாலே பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பருப்பு, மசித்த முட்டை, முள்ளில்லாத மீன், பொடித்து வறுத்த நெத்திலி, ஏதாவது ஒன்று. கையால் அளைந்து சாப்பிடட்டும். தரையில் பழைய நாளிதழ் விரித்துக்கொள்ளுங்கள். 20 நிமிடம். சாப்பிடாவிட்டால் முகம் மாறாமல் தட்டை எடுத்துவிட வேண்டும். அடுத்த உணவு இரண்டரை மணி நேரம் கழித்து. நடுவில் தண்ணீர் மட்டும்.

இது எங்கே கெடும் தெரியுமா? முக்கால் மணி நேரத்தில். "பிள்ள காஞ்சு கிடக்கே" என்று யாராவது ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுப்பார்கள். அழுதால் கிடைக்கும் என்ற பாடம் அங்கே முடிந்துவிடும். வீட்டிலுள்ள எல்லாரிடமும் முன்கூட்டியே பேசிவிட்டுத் தொடங்குங்கள். முதல் மூன்று முதல் ஐந்து நாள் அழுகை இருக்கும். அந்த வேளை அடங்கியதும் அடுத்த வேளை. மூன்று வாரக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டிலிருந்து நாலு வயது வரை திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சாப்பாட்டு நேரத்தை மீட்டாலே உங்கள் வீட்டில் பாதித் திரை நேரம் குறைந்துவிடும். கிளினிக்கில் கொடுத்த இளஞ்சிவப்புப் பதிவேட்டில் எடைக் கோடு இருக்கும். கோடு கீழே இறங்கினாலோ, இரண்டு மூன்று மாதம் அசையாமல் நின்றாலோ, இந்த முறையை நிறுத்திவிட்டுத் தாதியிடம் காட்டுங்கள்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் ஒன்றரை வயது மகன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறான். அவனுக்கு எதுவும் ஆகுமா?
– ஒரு தந்தை, பாடாங் செராய்

பதில்: கேட்டது நல்லதாயிற்று. களைக்கொல்லி துணியிலும் பூட்ஸிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். ஒன்றரை வயதுப் பிள்ளையின் முகம் சரியாக உங்கள் கால்சட்டை உயரத்தில் இருக்கிறது, கை எந்நேரமும் வாயில். வரிசையை மாற்றுங்கள், ஐயா: பூட்ஸ் வாசலுக்கு வெளியே, வெளிக் குழாயடியிலோ பின்கட்டிலோ துணியைக் கழற்றி மூடியுள்ள வாளியில் போடுவது, தலையோடு சோப்புக் குளியல், மாற்றுத் துணி, அதன் பிறகு பிள்ளையைத் தூக்குவது. பத்து நிமிடம் அவன் கதவுக்கு உள்ளே அழுவான்; அழட்டும். துணியைக் குடும்பத் துணியோடு ஊறப்போடக் கூடாது. தனியாக ஒரு முறை அலசி, சோப்புத் தூள் போட்டு இரண்டு முறை துவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். இயந்திரத்தில் போட்டால், பிறகு ஒரு முறை வெறும் தண்ணீரோடு ஓட விடுங்கள். துவைப்பவர் கையுறை போட வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுக்காரம்மாதான்.

துணியைவிடப் பெரிய ஆபத்து வேறு. மிச்சமான மருந்தைத் தண்ணீர் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து வேலியோரப் புல்லுக்கு அடிப்பது. பிள்ளைக்கு அது சர்பத். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நாட்டில் தடை செய்யப்பட்டது. பழைய போத்தல் எங்காவது பரண்மேல் இருந்தால் வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள், ஒரு வாய் போனாலும் உயிரைக் குடிக்கிற சரக்கு. எலி மருந்துக் கட்டியும் அப்படித்தான்: பார்க்க மிட்டாய் நிறம். அதில் பல வகை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. பாதிப்பு வெளியே தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று விட்டுவிடக் கூடாது.

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாயைத் துடைத்து, மேலில் பட்டிருந்தால் துணியைக் களைந்து 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவி, போத்தலையும் லேபிளையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். அவசரத்துக்கு 999. தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. இன்றே போனில் பதிந்து வையுங்கள்.

கேள்வி: 14 வயது மகன் பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) மோட்டார் சைக்கிள் எடுத்துப் போகிறான். தாமானுக்குள்தானே என்று விட்டுவிடலாமா?
– ஒரு தந்தை, கூலிம்

பதில்: விட முடியாது. மோட்டார் உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 16. உரிமம் இல்லாதவன் ஓட்டி யாரையாவது இடித்தால் காப்புறுதிப் பாதுகாப்பையும் நம்பியிருக்க முடியாது. சாவியைக் கொடுத்தவர் என்று உங்களையும் கேட்பார்கள். சாவியை ஆணியில் தொங்கவிடாமல் உங்கள் பையில் வையுங்கள். சைக்கிளுக்கு முன்விளக்கும் பின்விளக்கும் மாட்டிக் கொடுங்கள், பசார் மாலாமுக்கு அது போதும்.

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் 12 வயது. மைகாட் (அடையாள அட்டை) எடுக்க என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய், பாடாங் செராய்

பதில்: பிறந்தநாள் கழிந்ததும் தள்ளிப்போடாமல் தேசியப் பதிவுத் துறைக்கு அழைத்துப் போங்கள். பிறப்புப் பத்திரத்தின் அசலும் நகலும், உங்கள் மைகாட், மகள். படம் அங்கேயே எடுப்பார்கள். தோளை மூடிய அடர்நிறச் சட்டை போட்டுவிடுங்கள். போகும் முன் ஒரு வேலை: பிறப்புப் பத்திரத்திலுள்ள பெயரின் எழுத்துக்கூட்டையும் பள்ளிப் பதிவிலுள்ளதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் பெயர்களில் ஓர் எச் கூடுவதும் இரட்டை எழுத்து ஒற்றையாவதும் சாதாரணம். அதைப் படிவம் ஐந்துச் சான்றிதழ் வந்த பிறகு சரிசெய்ய அலைவது சாதாரணமில்லை.

கேள்வி: ஒன்றரை வயது மகனுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து எவ்வளவு என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு முறையும் சண்டை. எங்கள் தாமானில் டெங்கியும் இருக்கிறது. எப்போது பயப்பட வேண்டும்?
– ஒரு தாய், பாடாங் செராய்

பதில்: சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் போத்தல். பாராசிட்டமால் சிரப் இங்கே முக்கியமாக இரண்டு வலிமையில் கிடைக்கிறது: 5 மில்லியில் 120 மில்லிகிராம், 5 மில்லியில் 250 மில்லிகிராம். அளவு வயதுக்கு அல்ல, எடைக்கு: ஒரு கிலோவுக்கு ஒரு வேளை 15 மில்லிகிராம் வரை. 12 கிலோப் பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 120 போத்தலில் அது 7.5 மில்லி, 250 போத்தலில் 3.6 மில்லிதான். பழைய போத்தல் அளவை மனத்தில் வைத்துக்கொண்டு புதிய போத்தலில் ஊற்றினால் இரட்டிப்புக்கு மேல் போய்விடும். லேபிளைப் படித்து, மகனின் எடைக்குக் கணக்கிட்டு, அளவைப் போத்தல்மேல் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். அளக்க ஊசி இல்லாத சிரிஞ்சு. சமையலறைக் கரண்டி ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நாலு மணி நேரத்துக்குள் மறுபடி கூடாது, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் கூடாது. மருந்தகத்தில் வாங்கிய சளி மருந்திலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம், பாருங்கள்.

டெங்கி சந்தேகம் இருக்கும்போது ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது என்று எழுதி வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் டெங்கி மோசமாகும். "சூடு விட்டுடுச்சு" என்று நிம்மதி அடைகிற அதே நேரம். அப்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல், துவண்டு கிடப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை இதில் ஒன்று தெரிந்தாலும் இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

கொசுவுக்கு வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள்தான் ஆகிறது. வாளித் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் சாகாது. தேய்த்துக் கழுவ வேண்டும். பனிப்பெட்டியின் பின் தட்டையும் கூரைத் தகரத்தின் தண்ணீர்க் கால்வாயையும் எல்லாரும் மறப்பார்கள்.

கேள்வி: நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. ஓய்வு நாளில் பிள்ளைகளை (10, 6) எங்கே கூட்டிப்போவது? பேரங்காடிக்குப் போனால் 100 வெள்ளி (ரிங்கிட்) காணாமல் போகிறது.
– ஒரு தந்தை, பாடாங் செராய்

பதில்: முதல் ஓய்வு நாள் காலையில் தூங்குங்கள், ஐயா. தூக்கக் கலக்கத்தில் கூட்டிப்போகிற இடமெல்லாம் சண்டையில் முடியும். அன்று மாலை பசார் மாலாம் போதும். ஆளுக்கு 5 வெள்ளி கையில் கொடுத்து, மீதிச் சில்லறையை அவர்களே எண்ணி வாங்கட்டும். பத்து வயதுக்காரர் அரைக் கிலோ வெண்டிக்காய் வாங்கும் பொறுப்பையும் ஏற்கலாம். முற்றலா பிஞ்சா என்று பார்க்க நுனியை ஒடித்துக் காட்டிக் கொடுங்கள். மறுநாள் அதை நறுக்கிப் பொரிக்கும்போது முற்றல் எத்தனை வந்தது என்று எண்ணுவதில் அவர்களுக்கு இருக்கிற ஆர்வம் பேரங்காடி விளையாட்டு இயந்திரத்தில் இருக்காது.

இரண்டாம் நாள் மெர்போக்கில் லெம்பா பூஜாங் அருங்காட்சியகம். பழைய கோயில்களின் கல் அடித்தளங்களைக் குன்றுச் சரிவில் நேரில் பார்க்கலாம்; புக்கிட் பத்து பஹாட் கோயிலை மீட்டெடுத்துக் கட்டியிருக்கிறார்கள். இதுதான் கடாரம், 1025இல் ராசேந்திர சோழனின் கப்பற்படை வந்த நாடு, நாம் குடியிருப்பதும் அதே கெடாவில்தான் என்று சொன்னால் பத்து வயதுக்காரர் கேள்விகளை அடுக்குவார். ஆறு வயதுக்காரருக்குக் கல்மேல் ஏறக் கூடாது என்பதுதான் பெரிய வருத்தமாக இருக்கும். கீழே ஓடுகிற ஓடையைக் காட்டிச் சமாதானப்படுத்தலாம். தண்ணீர் போத்தல், தொப்பி, மாற்றுச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்துக்குள் போய்விட்டால் வெயில் தாக்காது.

ஆறுதான் வேண்டும் என்றால் கூலிம் மாவட்டத்திலேயே சுங்கை செடிம் இருக்கிறது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டால் செலவு பெட்ரோல் மட்டும். ஒரே நிபந்தனை: மலைமேல் மேகம் கறுத்தாலோ, தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இங்கே மழை இல்லாவிட்டாலும் பிள்ளைகளை அந்த நிமிடமே கரையேற்றுங்கள். மேட்டில் பெய்த மழை ஒரே அடியாகத் திரண்டு வரும். செருப்பை எடுக்கத் திரும்பக்கூட நேரம் இருக்காது. ஆறு வயதுக்காரர் முழங்கால் ஆழத்துக்கு மேல் போக வேண்டாம், நீங்கள் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நில்லுங்கள். சாப்பாட்டைத் தண்ணீரில் இறங்குவதற்கு முன் அல்லாமல், ஏறிய பிறகு பிரியுங்கள். பசியில்தான் கரையேறுவார்கள்.